அம்மா ஏறின ஹெரால்டு

நவரை அறுப்பு முடிஞ்சு, மூட்டைகளைக் கொள்முதல் நிலையத்துல போட்டு, பணமும் கணக்குல ஏறின வாரம். கையில நாலு காசு இருந்தா விவசாயிக்குப் புத்தி ஒரு இடத்துல நிக்காது. போன வருஷம் தேவையில்லாம ஒரு களையெடுக்கிற மிஷின் வாங்கி, அது இப்போ மாட்டுக்கொட்டகையில கோழி அடைகாக்க உதவுது. இந்த வருஷம் கார் வாங்கக் கிளம்பிட்டேன். அதுவும் என்னைவிட வயசான கார்.

சிரிக்காதீங்க. காரணம் இருக்கு.

நான் பொறந்தது 1973 ஐப்பசியில. எங்க ஊரு தாம்பரத்துக்கு மேற்கே, மணிமங்கலம் பக்கம். அன்னிக்கு அடைமழை, ஏரி கலங்கல் போயிட்டிருந்துச்சாம். அம்மாவுக்கு வலி எடுத்து ஒரு பகல் முழுக்க ஆகியும் நான் வெளிய வரலை. மருத்துவச்சி கையை விரிச்சுட்டாங்க. அப்பா சைக்கிள் மிதிச்சுக்கிட்டே மேற்கு தாம்பரம் போய் ஒரு டாக்டரோட வீட்டுக் கதவைத் தட்டியிருக்கார். அந்த டாக்டர் ராத்திரியோட ராத்திரியா தன்னோட ஸ்டாண்டர்ட் ஹெரால்டை எடுத்துக்கிட்டு எங்க களத்துமேடு வரைக்கும் வந்து, அம்மாவை அதுலயே ஏத்திக்கிட்டுப் போனார். ஃபீஸுன்னு ஒரு பைசா வாங்கலை. பொங்கலுக்கு அப்பா ஒரு மூட்டை நெல்லையும் ரெண்டு பரங்கிக்காயையும் அவர் வீட்டுத் திண்ணையில இறக்கிட்டு வந்தாராம். டாக்டரும் இல்லை, அப்பாவும் இல்லை இப்போ. அந்தக் கதை மட்டும் வீட்டுல வருஷா வருஷம் என் பொறந்த நாளுக்கு வரும்.

இந்தக் கதையை ஒரு நாள் முடிச்சூர் ரோட்டு டீக்கடையில வாய் தவறிச் சொல்லிட்டேன். பக்கத்துல பழைய கார் வாங்கி விக்கிற தம்பி ஒருத்தர் உக்காந்திருந்தார். "அப்படியாண்ணே"ன்னு கேட்டுக்கிட்டார். சரியா ஒரு மாசம் கழிச்சு போன். "அண்ணே, நீங்க சொன்ன டாக்டர் வண்டி மாட்டிக்கிச்சு. கிரீம் கலர் ஹெரால்டு. அவரு குடும்பத்துல இருந்து கை மாறி சேலையூர்ல ஒருத்தர்கிட்ட இருந்துச்சு. இப்போ நம்ம ஷெட்டுக்கு வந்தாச்சு."

இப்போ யோசிச்சா எனக்கே வெக்கமா இருக்கு. அம்பது வருஷமா யாரும் தேடாத வண்டி, நான் டீக்கடையில பேசி முப்பதே நாள்ல எப்படி மாட்டும்? ஆனா அன்னிக்கு அது உறைக்கலை. மறுநாளே போய்ப் பார்த்தேன். நாலு கதவு, வழவழன்னு கிரீம் பெயிண்ட், எம்.எஸ். எழுத்துல தொடங்குற பழைய மெட்ராஸ் நம்பர். நாலே முக்கால் லட்சம் சொன்னார். இருபதாயிரம் அட்வான்ஸைக் கையில குடுத்துட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்காம கயிறு மாத்தினவன் எங்க வம்சத்துலயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

சென்னையில இருக்கிற நண்பர்கள் நிறையப் பேருக்கு இந்த வண்டியே தெரியாது, அதனால கொஞ்சம் சொல்லிடறேன். அறுபதுகள்ல நம்ம ரோட்டுல மூணே இந்தியக் கார்தான்: அம்பாசிடர், ஃபியட், ஹெரால்டு. முதல் ரெண்டும் கல்கத்தாவுலயும் பம்பாயிலயும் செஞ்சது. மூணாவது நம்மூருச் சரக்கு. வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் ஃபேக்டரியில செஞ்சது. இங்கிலாந்துல 1959-ல வந்த டிரையம்ஃப் ஹெரால்டுதான் 1961-ல இங்கே ஸ்டாண்டர்ட் ஹெரால்டுன்னு பேர் மாறி வந்துச்சு. வடிவம் போட்டவர் மிச்செலாட்டிங்கிற இத்தாலிக்காரர். 948 சி.சி. இன்ஜின். பானெட் மட்டும் தனியாத் திறக்காது. மட்கார்டு, ஹெட்லைட்டு எல்லாம் சேர்த்து வண்டியோட முன்பக்கம் மொத்தமும் முன்னாடி கவிழும். முதல்ல ரெண்டு கதவு. நாலு கதவு வண்டி பின்னாடி மார்க் 3-ன்னு வந்துச்சு. அது இங்கிலாந்துல கூடக் கிடையாது, இங்கே மட்டும்தான். எழுபதுகளோட தொடக்கத்துல அதையே மாத்திச் செஞ்சு கெசல்னு ஒண்ணு. கடைசியா 1985-ல ஸ்டாண்டர்ட் 2000. பார்க்க ராஜா மாதிரி இருக்கும், ஆனா உள்ளே பழைய வேன்கார்டு காலத்து இன்ஜின். மூணு வருஷத்துல கதை முடிஞ்சு ஃபேக்டரி மூடியாச்சு. அதோட மிச்ச உதிரி பாகங்களை 2006-ல ஏலம் விட்டப்போ, பெரும்பகுதியை இங்கிலாந்துக்காரங்களே வாங்கிக் கப்பல்ல ஏத்திக்கிட்டுப் போனாங்க. அந்த நிலத்துல இப்போ ஐ.டி. கம்பெனிக் கட்டடங்கள். இதைப் படிக்கிறவங்கள்ல சில பேர் அங்கேயே வேலை பார்க்கலாம்.

அட்வான்ஸ் குடுத்த ராத்திரிதான் எனக்குப் பயம் வந்துச்சு. எங்க பக்கம் கழனி எல்லாம் பிளாட்டா மாறின இந்த இருபது வருஷத்துல, ஒரே நிலத்தை மூணு பேருக்கு வித்த கதையை நிறையப் பார்த்தவன் நான். ஒரு சென்ட் வாங்கினாக்கூடத் தாய்ப்பத்திரம் எங்கே, வில்லங்கச் சான்று எங்கேன்னு கேக்கிறவன், நாலே முக்கால் லட்சத்துக்கு ஒரு இரும்பை வாங்க ஒண்ணுமே கேக்கலையே?

அந்த ஃபேக்டரியில பாடி ஷாப்புல வேலை பார்த்த ஒரு பெரியவர் இரும்புலியூர்ல இருக்கார். எண்பதைத் தாண்டின மனுஷன். அவரைப் போய்ப் பார்த்தேன். "ஐயா, ஒரு ஹெரால்டு. வந்து ஒரு பார்வை பார்க்கணும்." அவர் பேண்ட் மாட்டிக்கிட்டு வெளிய வர ரெண்டு நிமிஷம் கூட ஆகலை. ஒரு டார்ச்சு, ஒரு காந்தம், கொஞ்சம் சைக்கிள் டியூப் துண்டு. அவ்வளவுதான் அவரோட கருவி.

ஷெட்டுல வண்டியோட அழகை அவர் ஏறெடுத்தும் பார்க்கலை. நேரா முன்பக்கத்தைக் கவிழ்த்து, உள் தடுப்புத் தகட்டுல ஒட்டியிருந்த நம்பர் பிளேட்டு கிட்ட டார்ச்சு அடிச்சார். "ரிவெட்டைப் பாருங்க." பார்த்தேன், எனக்கு ஒண்ணும் தெரியலை. "அறுபது வருஷ வண்டிக்கு அலுமினிய ரிவெட்டு பளபளன்னு இருக்கு. தகடு பழசு, ரிவெட்டு புதுசு. அப்போ இந்தத் தகடு ஒரு தடவையாவது இறங்கி ஏறியிருக்கு." பெயிண்ட் அடிக்கக் கழட்டினதுன்னு புரோக்கர் தம்பி சொன்னார். இருக்கலாம்னு பெரியவரும் தலையாட்டினார். எதையும் உடனே மோசடின்னு சொல்லாத மனுஷன் அவர். அதனாலயே அவர் சொன்னதெல்லாம் எனக்குப் பாரமா இறங்குச்சு.

அடுத்து இன்ஜின் நம்பர். தம்பி காட்டின ஆர்.சி. புக்குல ஒரு நம்பர், இன்ஜின்ல வேற. "இன்ஜின் மாத்தியிருக்காங்கண்ணே, ஆர்.சி.ல ஏத்தலை." அதுவும் நடக்கிறதுதான். ஹெரால்டு, கெசல் எல்லாத்துக்கும் அதே 948 சி.சி. இன்ஜின்தான்கிறதால கிடைச்சதைத் தூக்கி மாட்டியிருப்பாங்க. ஆனா மாத்தினா ஆர்.சி.ல ஏத்தணும்கிறது சட்டம். ஏத்தலைன்னா நாளைக்கு எஃப்.சி.க்குப் போகும்போது வாங்கினவன்தான் பதில் சொல்லணும்.

காந்தத்தைக் கதவுக்கு அடியில வச்சுப் பார்த்தார். ரெண்டு இடத்துல ஒட்டலை, உள்ளே பட்டிதான் இருக்கு. இதெல்லாம் வயசான உடம்புக்கு வர்ற நோவுதான்னார். அப்புறம் டிக்கிப் பாயைத் தூக்கி ஒரு மூலையில நகத்தால சுரண்டினார். கிரீமுக்கு அடியில சிமெண்ட் கலர், அதுக்கு அடியில பச்சை. "இது ஃபேக்டரியை விட்டு வரும்போது பச்சை வண்டி."

பின்பக்கம் ஜாக்கி போடச் சொன்னார். இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஹெரால்டோட பின் ஆக்ஸில் ரெண்டு துண்டா, நடுவுல மூட்டு வச்சு இருக்குமாம். ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கினா ரெண்டு பின் சக்கரமும், படுக்கப் போற மாடு காலை மடக்கிற மாதிரி, அடியில உள்ளுக்கு மடங்கும். நம்ம ரோட்டுக்கு அது சரிப்படலைன்னுதான் கெசல்ல முழு ஆக்ஸிலா மாத்தினாங்க. நாங்க தூக்கினோம். சக்கரம் ரெண்டும் விறைப்பா அப்படியே நின்னுச்சு. பெரியவர் குனிஞ்சு அடியில பார்த்துட்டு ரொம்ப நேரம் எழுந்திரிக்கலை. "இது கெசல் ஆக்ஸில். யாரோ ஓட்டுறதுக்கு வசதியா மாத்தியிருக்கலாம். இல்லைன்னா கீழே இருக்கிறது மொத்தமுமே கெசல், மேல மட்டும் ஹெரால்டு. இந்த வண்டிக்குச் சேஸிஸ் தனி, பாடி தனி. நட்டைக் கழட்டினா பெட்டியைத் தூக்கிற மாதிரி தூக்கி இன்னொண்ணு மேல வச்சிடலாம். நாங்களே அப்படித்தானே வச்சோம்."

அவர் கீழே பார்த்துக்கிட்டிருந்தப்போ நான் பின் சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். காரைப் பத்தி எனக்குத் தெரியாது. மண்ணைப் பத்தித் தெரியும். சீட்டுக்கு அடியில, தகடு மடங்குற சந்துல, சாம்பல் கலர்ல மெழுகு மாதிரி படிஞ்சு காஞ்சு வெடிச்சிருந்தது வண்டல். ரோட்டுப் புழுதி இப்படிப் படியாது. காத்துல வர்ற மண்ணு பொடியா இருக்கும். இது நின்ன தண்ணி வடிஞ்சு போட்டுட்டுப் போன மண்ணு. ஏரி வத்தினா மதகுக்கிட்ட இதைத்தான் நாங்க வண்டியில அள்ளிக் கழனியில போடுவோம். 2015 டிசம்பர்ல அடையாறு பொங்கி முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளோட முதல் மாடி வரைக்கும் போனப்போ எத்தனை கார் முழுகுச்சுன்னு பார்த்தவங்க நாங்க. அந்த ஆத்துக்கு எங்க பக்கத்து ஏரிங்களோட உபரித் தண்ணியும்தான் போய்ச் சேருது. அந்த வெள்ளத்துல முழுகினதுதான் இதுன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா சேலையூர்ல மேட்டு வீட்டுல, தண்ணியே படாம நின்ன வண்டின்னு தம்பி சொன்னாரே, அது மட்டும் பொய்.

தம்பி முகம் சுருங்கிப் போச்சு. ஆனாலும் விடலை. "அண்ணே, 2021-ல புது ரூல் வந்திருக்கு. அம்பது வருஷம் தாண்டின வண்டியை விண்டேஜ்னு பதியலாம். இருபதாயிரம் கட்டினாப் பத்து வருஷத்துக்கு, நம்பர் பிளேட்டுல வி.ஏ.ன்னு எழுத்தோட. மதிப்பு எங்கேயோ போயிடும்." ரூல் இருக்கிறது நிஜம். வீட்டுக்கு வந்து பையனை விட்டுப் படிக்கச் சொன்னேன். ஆனா அதே ரூல்லதான், சேஸிஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாத்தம் இல்லாம அசலா இருக்கணும்னும் இருக்கு. பதிஞ்சாலும் தினம் ஓட்ட முடியாது. கண்காட்சிக்கும் ராலிக்கும் பெட்ரோல் போடவும் ரிப்பேருக்கும் எடுத்துக்கிட்டுப் போகலாம், அவ்வளவுதான். அசல்ங்கிறது ஆசைப்படுறவனோட பைத்தியம் மட்டும் இல்லை, இப்போ அது சட்டத்துலயும் ஒரு நிபந்தனை.

அசல்னா என்னன்னு அந்த வாரம் பூரா மண்டையைக் குடைஞ்சுது. எங்க வீட்டுல தாத்தா காலத்துக் கலப்பை ஒண்ணு இருக்கு. கொழு எத்தனை தடவை தேஞ்சு மாத்தினோம்னு கணக்கே இல்லை. ஏர்க்கால் அப்பா காலத்துல முறிஞ்சு புதுசா வேலம்கட்டை போட்டது. மேழி நான் மாத்தினது. ஆனாலும் அது தாத்தா கலப்பைதான். யாராவது இல்லைன்னா எனக்குக் கோவம் வரும். அப்படின்னா ஆக்ஸில் மாறின ஹெரால்டு மட்டும் ஏன் டாக்டர் வண்டி ஆகாது?

இதே கேள்வி லண்டன் கோர்ட்டு வரைக்கும் போயிருக்குன்னு பையன் எடுத்துக் காட்டினான். பென்ட்லி ஸ்பீடு சிக்ஸ் ஒண்ணு, 'ஓல்ட் நம்பர் ஒன்'னு பேரு. 1929, 1930 ரெண்டு வருஷமும் லெ மான்ஸ் பந்தயத்துல ஜெயிச்ச வண்டி. அப்புறம் அதை இன்ஜின் மாத்தி, பாடி மாத்தி, பந்தயத்துல மோதி, திரும்பக் கட்டி, அசல்ல இருந்தது ரொம்பக் கொஞ்சம்தான் மிச்சம். ஒரு கோடி பவுண்டுக்கு விலை பேசினப்போ, இது அந்த வண்டியே இல்லைன்னு வாங்கினவங்க மறுத்துட்டாங்க. 1990-ல நீதிபதி தீர்ப்பு சொன்னார்: 1929-ல இருந்த அதே உருவம் இது இல்லை, ஆனா ஒரு நாள் கூட அறுபடாம அந்த வண்டிதான் மாறி மாறி இப்படி ஆகியிருக்கு, அதனால பேருக்கு உரிமை இதுக்குத்தான். எங்க கலப்பைக்கும் அந்தத் தீர்ப்பு செல்லும்னு நினைக்கிறேன். ஒவ்வொரு பாகமும் மாறினப்போ மிச்சம் அங்கேயே இருந்துச்சு. எங்க வீட்டுலதான் இருந்துச்சு, நாங்க பார்த்துக்கிட்டிருந்தோம்.

அப்போ நான் பார்க்க வேண்டியது ரிவெட்டோ ஆக்ஸிலோ இல்லை, சங்கிலி. யார் கையில இருந்து யார் கைக்குப் போச்சு? ஆர்.சி. புக்கை வாங்கி வெளிச்சத்துல பார்த்தேன். டூப்ளிகேட்டு. அசல் தொலைஞ்சதால தொண்ணூறுகள்ல வாங்கினது. முதல் பதிவு 1969-ன்னு இருக்கு, சரி. ஆனா ஓனர் பேரு தொண்ணூறுகள்ல இருந்துதான் ஆரம்பிக்குது. அதுக்கு முன்னாடி யாருன்னு ஒரு வரி இல்லை. தாய்ப்பத்திரம் இல்லாத நிலம். டாக்டர் பேரு எங்கேயும் இல்லை. பழைய ரிஜிஸ்டர் ஏதாவது இருக்கான்னு ஒரு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு ரெண்டு தடவை நடந்தேன், மனுவும் எழுதிக் குடுத்தேன். இன்னிக்கு வரைக்கும் பதில் இல்லை.

மனசு இன்னும் முழுசா விடலை. பேரு இல்லைங்கிறதால அது அவர் வண்டி இல்லைன்னு ஆயிடுமா? அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டலாம்னு முடிவு பண்ணேன். அம்மாவுக்கு எழுபத்தெட்டு. கண்ணு கொஞ்சம் மங்கல், ஞாபகம் கல்வெட்டு. வண்டியைப் பத்தி எதுவும் சொல்லக் கூடாதுன்னு எனக்கு நானே சத்தியம் பண்ணிக்கிட்டேன். சாட்சிக்குச் சொல்லிக் குடுத்தா அது சாட்சியே இல்லையே. முதல் நாள் ராத்திரி சோறு போட்டுக்கிட்டிருந்தப்போ சும்மாக் கேக்கிற மாதிரி கேட்டேன்.

"ஏம்மா, அன்னிக்கு டாக்டர் வண்டியில எப்படி ஏறினே?"

"எப்படி ஏறினேன்? ஏறவா விட்டே நீ? உங்க அப்பாவும் டாக்டரும் தூக்கித்தான் உள்ள வச்சாங்க. பின்னாடி கதவே கிடையாதுடா அதுக்கு. முன் சீட்டைக் கவுத்துட்டு, அந்தச் சந்துல என்னை நுழைச்சாங்க. தலை மேல டங்குன்னு இடிச்சுது. வலியில அதையும் சேர்த்துக் கத்தினேன். உங்க அப்பா பாவம், பயந்துட்டாரு."

சோத்துக் கையோட அப்படியே உக்காந்திருந்தேன். பின்னாடி கதவு கிடையாது. ரெண்டு கதவு ஹெரால்டு. இந்தக் கதையை அம்பது வருஷமாக் கேட்டிருக்கேன். தலை இடிச்சதையும் கேட்டுச் சிரிச்சிருக்கேன். நாலு கதவு வண்டி முன்னாடி நின்னுக்கிட்டு அட்வான்ஸை எண்ணிக் குடுத்தப்போ அது ஒரு தடவை கூட மண்டையில தட்டலை.

இருந்தாலும் மறுநாள் அம்மாவைக் கூட்டிக்கிட்டுத்தான் போனேன். அட்வான்ஸைத் திருப்பிக் கேக்கணும், துணைக்கு அம்மா இருந்தா நல்லதுன்னு ஒரு கணக்கு. வண்டியைப் பார்த்ததும் அம்மா, "இன்னாடா இது, நாலு கதவு இருக்கு, இது வேற"ன்னுட்டாங்க. தம்பி ஒண்ணும் பேசலை. கொஞ்ச நேரம் கழிச்சு, "உங்க கதையைக் கேட்டேன், இந்த வண்டி ரொம்ப நாளா விக்காம நின்னுச்சு, சேர்த்து வச்சேன்"னு அவராவே சொன்னார். பன்னிரண்டாயிரம் அன்னிக்கே குடுத்தார். மீதி எட்டு இன்னும் வரலை. வரும்னு சொல்றார். விலையை ரெண்டேகால்னு இறக்கினார், ஹெரால்டும் கெசலும் கலந்த வண்டின்னு உள்ளதைச் சொல்லியே வித்துடறேன்னார். அது நியாயமான விலைதான்னு பெரியவரும் சொன்னார். எனக்கு வேணாம்னு தோணிச்சு. எனக்கு ஹெரால்டு வேணும்னு இல்லை, அந்த ஹெரால்டுதான் வேணும்.

கிளம்பும்போது அம்மா அந்த வண்டியோட பானெட்டைத் தடவிக்கிட்டு நின்னாங்க. "வந்தது வந்தோம், ஒரு ரவுண்டு கூட்டிக்கிட்டுப் போவியாப்பா?"ன்னு தம்பியைக் கேட்டாங்க. அவரும் சிரிச்சுட்டு சாவியை எடுத்தார். அம்மா பின் சீட்டுல, கதவு வழியாவே, தலை இடிக்காம ஏறி உக்காந்தாங்க. நான் முன்னாடி. ஷெட் இருந்தது ஒரு முட்டுச்சந்து. ரெண்டு பக்கமும் வீடு, ஸ்கூட்டர், ஒரு தண்ணி டேங்க். நான் வச்சிருக்கிற குட்டி டிரக்கை அங்கே திருப்பணும்னா நாலு தடவை முன்னாடி பின்னாடி போகணும். தம்பி ஸ்டீரிங்கை ஒரு பக்கமா முழுக்கச் சுத்தினார். முன் சக்கரம் ரெண்டும் கிட்டத்தட்ட குறுக்கா மடங்கி, இருபத்தஞ்சு அடிக்குள்ள, பின்வாங்காமலே வண்டி முழு வட்டம் திரும்பி ரோட்டைப் பார்த்து நின்னுச்சு.

பின்னாடி இருந்து அம்மா என் தோளைத் தட்டினாங்க. "நம்ம களத்துமேட்டுல, அந்தச் சேத்துல, இருட்டுல, டாக்டரும் இப்படித்தான்டா ஒரே திருப்பு திருப்பினாரு."